பூ வரையத் தெரிந்தால் போதுமா? அச்சுத் துணி வடிவமைப்புப் படிப்பு: ஒரு விளக்கம்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் கொழும்பில் 'ஃபெஷன் டிசைன்' விளம்பரங்களுக்குக் குறைவிருப்பதில்லை. 'டெக்ஸ்டைல் டிசைன்', 'பிரின்ட் டிசைன்', 'சர்ஃபேஸ் டிசைன்' என்ற பெயர்களும் அவற்றோடு கலந்து வருகின்றன. பிள்ளைக்கு நன்றாக வரைய வரும், எதில் சேர்ப்பது என்று பெற்றோர் குழம்புகிறார்கள். அண்மைக் காலமாக இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் பூப்போட்ட படத்தைத் தந்துவிடுகிறதே, இதற்கு மூன்று நான்கு வருடப் படிப்பு எதற்கு?

இரண்டு குழப்பங்களுக்கும் காரணம் ஒன்றுதான். அச்சுத் துணி வடிவமைப்பைப் படம் வரையும் வேலையாக எண்ணிக்கொள்கிறோம். துணியில் விழும் வடிவத்தைத் தீர்மானிப்பவை மூன்று: நார், அச்சு முறை, படம். படிக்க வருபவர் படத்திலிருந்து தொடங்குகிறார். தொழிலோ நாரிலிருந்து தொடங்குகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகக் கற்பவருக்குத்தான் தொழிற்சாலை வாசலில் திகைப்பு ஏற்படுகிறது.

## யார் எதைச் செய்கிறார்?

ஆடை வடிவமைப்பாளர் உடையின் அமைப்பைப் பார்ப்பவர்: வெட்டு, தையல், உடலில் துணி விழும் விதம். துணி வடிவமைப்பாளர் அந்த உடைக்கு முந்திய பொருளான துணியையே உருவாக்குபவர். அதிலும் இரு கிளைகள் உண்டு. நெசவிலும் பின்னலிலும் வடிவம் நூலோடு நூலாகவே உருவாகிறது. அச்சு, பத்திக், பூத்தையல் ஆகியவற்றில் ஏற்கெனவே இருக்கும் துணியின் மேல் வடிவம் ஏறுகிறது.

கொழும்பு 3 இல் காலி வீதியிலுள்ள 'பெயார்ஃபூட்' கடையின் கைத்தறித் துணிகளைப் புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். பார்பரா சன்சோனி தொடக்கிவைத்த அந்த மரபில் நிறக்கோடுகள் சாயமிட்ட நூலால் நெய்யப்பட்டவை. எனவே பின்பக்கமும் அதே நிறத்தில் இருக்கும். கடையில் வாங்கும் சாதாரண சீத்தைத் துணியைத் திருப்பினால் பின்பக்கம் வெளிறியிருக்கும். அது அச்சு.

அச்சிலும் இரண்டு வகை உண்டு. முழுப்பரப்பு அச்சு மீற்றர் கணக்கில் துணி நெடுக ஓடுவது. வடிவம் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதால் 'ரிப்பீட்' என்ற கணக்கு இங்கே உயிர்நாடி. இட அச்சு வெட்டிய துண்டின் குறிப்பிட்ட இடத்தில் விழுவது, ரீசேர்ட்டின் மார்பில் உள்ள படத்தைப் போல. இதற்கு ரிப்பீட் இல்லை, ஆனால் அளவுச் சிக்கல் உண்டு. சின்ன அளவுச் சட்டைக்குப் பொருந்தும் படம் மிகப் பெரிய அளவுச் சட்டையில் முத்திரை ஒட்டியதுபோல் சுருங்கித் தெரியும். அளவுக்கு அளவு ஸ்கிரீன் (மை இறங்கும் அச்சு வலை) செய்தால் செலவு பெருகும். ஒரே ஸ்கிரீனை எத்தனை அளவுகளுக்குப் பயன்படுத்துவது என்பது வரைவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு.

## நாரிலிருந்து தொடங்குவது ஏன்?

ஒரு சாயம் எல்லா நாரிலும் ஒட்டாது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் காலத்தில் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேர் பருத்தியில் நிலையான சிவப்பைத் தந்தது, படிகாரம் துணைக்கு இருந்ததால்தான். படிகாரம் ஏறாத இடத்தில் நிறம் நிற்கவில்லை. இன்றைய செயற்கைச் சாயங்களுக்கும் அடிப்படை இதுவே: நாருக்கும் சாயத்துக்கும் இடையில் ஒரு பிடிப்பு வேண்டும். மாணவர் மனத்தில் பதிய வேண்டிய சேர்க்கைகள் நான்கு.

1. பருத்தி, விஸ்கோஸ், லினன்: ரியாக்டிவ் சாயம். இது நாரோடு வேதிப்பிணைப்பை ஏற்படுத்துகிறது. ஒரு கிலோ அச்சுப் பசைக்குச் சாயம் 10 முதல் 60 கிராம், யூரியா 100 முதல் 150 கிராம், சோடியம் பைகாபனேற் 25 முதல் 30 கிராம், அல்ஜினேற் கரைசல் சுமார் 500 கிராம், மீதி தண்ணீர். அச்சிட்டு உலர்த்தியபின் ஏறத்தாழ 102 பாகை செல்சியஸ் நீராவியில் 8 முதல் 10 நிமிடம். பிறகு குளிர்நீர், கொதிநிலைக்குக் கிட்டிய சவர்க்கார நீர், மீண்டும் குளிர்நீர். தடிப்பாக்கியாக மாவைப் போடாமல் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றைப் போடுவதற்குக் காரணம் உண்டு. ரியாக்டிவ் சாயம் மாப்பொருளோடும் பிணைந்துவிடும். அப்படிப் பிணைந்த மாவு கழுவினாலும் போகாது. துணி அட்டைபோல் விறைக்கும், நிறமும் வீணாகும்.

2. பொலியெஸ்டர்: டிஸ்பேர்ஸ் சாயம். கடதாசியில் அச்சிட்டு, 200 பாகை அளவு சூட்டில் ஏறத்தாழ 30 விநாடி அழுத்தினால் சாயம் ஆவியாகி நாருக்குள் புகும். இதுவே 'சப்ளிமேஷன்'. விளையாட்டுச் சட்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் அச்சாகின்றன. இதே கடதாசியைப் பருத்தியில் அழுத்தினால் முதல் பார்வைக்கு அழகாக இருக்கும். இரண்டு மூன்று சலவையில் மங்கிவிடும். பொலியெஸ்டர் 65, பருத்தி 35 கலந்த துணியில் பழைய சட்டை போன்ற வெளிறல் கிடைக்கும். அதை வேண்டுமென்றே விரும்பிச் செய்பவர்களும் உண்டு.

3. நைலோன், பட்டு, கம்பளி: அசிட் சாயம். இலங்கை ஆடை ஏற்றுமதியில் உள்ளாடைக்கும் நீச்சலுடைக்கும் பெரிய இடம் இருப்பதால், நைலோனும் இழுபடும் நாரான எலாஸ்டேனும் கலந்த பின்னல் துணியை அறியாமல் இங்கே அச்சுத் துறையில் நெடுந்தூரம் போக முடியாது.

4. எந்த நாருக்கும்: பிக்மென்ட். இது சாயமல்ல, நிறத்தூள். 'பைண்டர்' என்ற பசை அதைத் துணியின் மேல் பிடித்து வைக்கிறது. 150 பாகையில் 3 முதல் 5 நிமிடம் சூடாக்கினால் போதும், கழுவத் தேவையில்லை. ஆகவே தண்ணீர்ச் செலவும் குறைவு. குறை என்னவென்றால், பெரிய பரப்பில் அடித்தால் துணி தடிக்கும். அடர்ந்த நிறங்கள் ஈரத்துடன் உரசும்போது கையில் ஒட்டும்.

ஒரே பூவை இந்த நான்கு வழியிலும் அச்சிட்டால் நான்கு வெவ்வேறு துணிகள் கிடைக்கும். 'விஸ்கோஸில் ரியாக்டிவ்' என்று தெரிந்த பிறகு வரைபவர் நிறத்தைத் துணிந்து ஆழமாக்குவார். 'பருத்தியில் பிக்மென்ட்' என்று தெரிந்தவர் பின்புலத்தை வெள்ளையாகவே விட்டு, பூவை மட்டும் நிறமாக்குவார். படம் மாறிவிடுகிறது, கவனித்தீர்களா?

## அச்சு முறை படத்துக்கு எல்லை போடுகிறது

தட்டை ஸ்கிரீன் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். செண்டிமீற்றருக்கு 43 இழை கொண்ட வலை தடித்த வடிவங்களுக்கும், 77 இழை கொண்டது மெல்லிய கோடுகளுக்கும் ஏற்றது. கல்லூரியில் முதலில் கையில் எடுப்பது இதைத்தான், எடுக்கவும் வேண்டும். எல்லாப் பிழைகளையும் கண்முன்னே காட்டும் முறை இது ஒன்றுதான்.

சுழல் ஸ்கிரீன் நிக்கல் உருளை. நெதர்லாந்தின் ஸ்டோர்க் நிறுவனம் 1963 இல் இதைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. உருளையின் சுற்றளவு வழக்கமாக 64 செ.மீ. நிமிடத்துக்கு 40 முதல் 80 மீற்றர் வரை ஓடும். இதற்கு வரைபவரின் நீளவாட்டு ரிப்பீட் 64 ஐ மீதியின்றி வகுக்க வேண்டும்: 64, 32, 21.33, 16, 12.8 என்று. 30 செ.மீ. ரிப்பீட்டோடு வருபவரின் கோப்பை ஆலை திருப்பி அனுப்பும், அல்லது தானே இழுத்து 32 ஆக்கும். இழுத்தால் வட்டம் முட்டையாகும்.

டிஜிட்டல் அச்சில் ஸ்கிரீனும் இல்லை, நிற எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. ஒரு மீற்றர்கூட அச்சிடலாம். ஆனால் 'டிஜிட்டல் என்றால் நேரே அச்சிட்டு முடிந்தது' என்பது பரவலான தவறான எண்ணம். ரியாக்டிவ் மையால் அச்சிடுவதென்றால், பசையில் கலந்திருக்க வேண்டிய யூரியாவையும் காரத்தையும் அல்ஜினேற்றையும் துணிக்கு முன்கூட்டியே ஏற்றி உலர்த்த வேண்டும். அச்சிட்ட பிறகு நீராவியும் கழுவலும் மாறாமல் உண்டு. வேதியியல் ஒன்றே. மை விழும் வழி மட்டுமே வேறு.

எது மலிவு? ஸ்கிரீனில் ஆரம்பச் செலவு நிறத்துக்கு நிறம் கூடும், அதன்பின் மீற்றருக்கான செலவு குறையும். டிஜிட்டலில் ஆரம்பச் செலவு ஏறத்தாழ இல்லை, ஆனால் மீற்றர் விலை அதிகம். ஆயிரக்கணக்கான மீற்றர் கேட்கும் ஏற்றுமதி ஓடருக்கு நான்கு நிறச் சுழல் அச்சு, இருபது சேலை போடும் வெள்ளவத்தை பூட்டிக்குக்கு டிஜிட்டல். இதில் பெரிய தத்துவம் எதுவுமில்லை, கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான்.

## ரிப்பீட்: படிப்பின் நடுநாடி

ஒரு சதுரம் மேலும் கீழும், இடமும் வலமும் தொடர்ந்தால் மூட்டுத் தெரியக்கூடாது. இதுதான் ரிப்பீட். சதுரங்கள் நேராக அடுக்கப்பட்டால் நேர் ரிப்பீட். அடுத்த நிரல் பாதி உயரம் கீழே இறங்கினால் 'ஹாஃப் டிராப்'. ஆடைத் துணியில் ஹாஃப் டிராப் அதிகம் விரும்பப்படுவதற்குக் காரணம், பூக்கள் ஒரே கிடைவரிசையில் விழாமல் கண்ணைச் சாய்வாக இழுப்பது.

நேர் ரிப்பீட்டைக் கடதாசியில் செய்யும் பழைய முறை இன்னும் சிறந்த பாடம்:

1. 32 செ.மீ. சதுரத் தாளின் நடுவில் முக்கிய உருவங்களை வரையவும். ஓரத்தைத் தொட வேண்டாம்.
2. தாளைச் செங்குத்தாக நடுவில் வெட்டி, இடப்பாதியை வலத்துக்கும் வலப்பாதியை இடத்துக்கும் மாற்றிப் பின்பக்கம் ஒட்டவும். வெளி ஓரங்கள் இப்போது நடுவில் சந்திக்கின்றன.
3. கிடையாக வெட்டி மேல் கீழ் மாற்றவும்.
4. நடுவில் தோன்றும் வெற்றிடத்தை நிரப்பவும். இந்தக் கட்டத்திலும் ஓரத்தைத் தொடக்கூடாது.
5. ஒன்பது பிரதி எடுத்து மூன்றுக்கு மூன்றாக ஒட்டி, சுவரில் மாட்டி, மூன்று மீற்றர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவும்.

ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். அருகில் தெரியாத கோளாறு தள்ளி நின்றால்தான் தெரியும். வெள்ளை இடைவெளிகள் ஒன்றுசேர்ந்து ஒழுங்கைபோல் ஓடும், அல்லது ஒரு சிவப்புப் பூ மட்டும் புள்ளியாய்த் துள்ளி வரிசை கட்டும். அந்தத் துணியில் பாவாடை தைத்தால் அணிபவரைச் சுற்றிச் சிவப்பு வளையம் ஓடும்.

கணினியில் இதே வேலையை ஃபோட்டோஷொப்பின் 'ஒஃப்செட்' கருவி செய்கிறது. ஹாஃப் டிராப்புக்குச் சதுரத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கி, வலப்பாதியில் அதே படத்தைப் பாதி உயரம் இறக்கி வைக்க வேண்டும். ஒரு சிறு பொறி இங்கே காத்திருக்கிறது. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் 32 செ.மீ. என்பது 3779.53 பிக்சல். பிக்சலைப் பாதியாக வெட்ட முடியாது. அளவைச் செண்டிமீற்றரில் கொடுத்துவிட்டு உருவங்களை நகர்த்தினால், மூட்டில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு விழும். திரையில் தெரியாத அந்தக் கோடு துணியில் 32 செ.மீ. க்கு ஒருமுறை தெரியும். 3780 என்று முழு எண்ணாகப் பிக்சலிலேயே அளவைக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

திசையும் கணக்கில் சேரும். எல்லாப் பூவும் மேல்நோக்கி நின்றால் அது ஒருவழி அச்சு. வெட்டும் மேசையில் எல்லாத் துண்டும் ஒரே திசையில் வைக்கப்பட வேண்டியிருப்பதால் துணிச் செலவு கூடும். பூக்களை எல்லாப் பக்கமும் சிதறவிட்டால் துண்டுகளைத் திருப்பித் திருப்பி இடுக்கில் நுழைக்கலாம். விலை பேசும் மேசையில் அழகான ஒருவழி அச்சு தோற்றுப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

## நிறம்: திரையை நம்பாதீர்கள்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி சாயத்தால். இரண்டும் ஒத்துப்போகாது. ஆகவே தொழிலில் நிறத்தைப் பெயரால் சொல்வதில்லை, பான்டோன் நிறுவனத்தின் நிற அட்டையிலுள்ள டிசிஎக்ஸ் எண்ணால் சொல்கிறார்கள். 19-4052 என்ற நீலத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் வெளிச்ச அளவு. 11 வெளிர், 19 அடர். நடு இரண்டு எந்த நிறக் குடும்பம் என்பது. கடைசி இரண்டு நிறத்தின் செறிவு. டிசிஎக்ஸ் அட்டைகள் பருத்தித் துணியில் சாயமிட்டவை என்பதால், அதே எண்ணை நைலோனில் எதிர்பார்ப்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி வாங்குபவர்கள் துண்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பதுண்டு. ஆய்வுகூடங்களில் இதற்கென்று ஒளிப்பெட்டியே இருக்கிறது. பகல் ஒளிக்கு டி65, கடை விளக்குக்கு டிஎல்84, குண்டு விளக்குக்கு ஏ என்று பொத்தானை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். வெவ்வேறு சாயக் கலவையால் எட்டிய இரு பச்சைகள் பகலில் ஒன்றாகவும் கடை விளக்கில் வேறாகவும் தெரியலாம். இதை மெற்றமெரிசம் என்பர். சட்டையின் அச்சும் கழுத்துப்பட்டியின் சாயமும் வெவ்வேறு ஆலைகளிலிருந்து வரும்போது இது பெரும் தலைவலி.

ஸ்கிரீன் அச்சுக்கு நிறப்பிரிப்பும் தேவை. நீர்வர்ணப் பூவை ஸ்கான் செய்தால் ஆயிரக்கணக்கான நிறங்கள் வரும். அதை எட்டோ பத்தோ நிறமாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் படலமாக்க வேண்டும். எந்தச் சாயலை விடுவது, எதைப் புள்ளிகளால் காட்டுவது என்ற தீர்மானத்தில்தான் வடிவமைப்பாளரின் கை தெரியும். இரு நிறங்கள் தொடும் இடத்தில் ஒன்று மற்றதன் அடியில் 0.3 மி.மீ. அளவு புகுந்திருக்க வேண்டும். புகாவிட்டால் துணி சற்றே நகர்ந்ததும் வெள்ளை எட்டிப்பார்க்கும்.

## எங்கே பிழை வருகிறது?

முதல் மாதிரி அச்சுக்கு 'ஸ்ட்ரைக் ஓஃப்' என்று பெயர். அதைக் கழுவி, இறுதிப் பதப்படுத்தல் முடிந்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். கழுவும் முன் பார்த்த நிறம் கழுவிய பின் இருக்காது. அடிக்கடி வரும் பிழைகள்:

1. சுருக்கம். நீளவாட்டில் 5 சதவீதம் சுருங்கும் துணியில் 64 செ.மீ. ரிப்பீட் 60.8 ஆகிவிடும். பின்னல் துணியில் இது இன்னும் மோசம். சுருக்க அளவை ஆலையிடம் முதலில் கேட்டு, படத்தை அதற்கேற்ப முன்கூட்டியே நீட்டிக் கொடுப்பார்கள்.

2. இழுத்தால் வெண்மை. எலாஸ்டேன் துணியில் மை மேற்பரப்பில் மட்டும் இருந்தால், உடலில் இழுபடும்போது அடியிலுள்ள வெள்ளை நார் தெரியும். அடர்கறுப்புப் பின்புலம் கொண்ட நீச்சலுடையில் இதை மறைக்கவே முடியாது. பின்புலத்தைச் சாயமிட்டுவிட்டு மேலே அச்சிடுவது, அல்லது வெளிர் பின்புலத்துக்கு மாறுவது ஒன்றே வழி.

3. கொழும்பின் ஈரக்காற்று. மழைக்காலத்தில் ஸ்கிரீனில் பூசிய ஒளிப்படலம் (படத்தை வலையில் பதிக்க உதவும் ஒளியுணர் பூச்சு) முழுதாக உலராது. உலராததை ஒளியில் காட்டினால் கழுவும்போது படலம் உரிந்து வரும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஆகவே முன்பதப்படுத்திய டிஜிட்டல் துணியைத் திறந்து வைத்தால் அச்சின் விளிம்புகள் ஊறிப் பரவும். பொலித்தீனில் சுற்றி, குளிரூட்டிய அறையில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுக்க வேண்டும்.

4. பட்டை விழுதல். டிஜிட்டல் இயந்திரத்தின் மைத்துளை ஒன்று அடைத்தால் துணிக்குக் குறுக்கே மெல்லிய கோடு வரும். ஒரே நிறப் பெரும்பரப்பில் உடனே தெரியும். சிறு பூக்களும் மண்புள்ளிகளும் நிறைந்த பின்புலத்தில் தெரியாது. அனுபவமுள்ளவர்கள் வெறும் பரப்பில் லேசான கறை போன்ற இழைவைச் சேர்ப்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

5. பரிசோதனையில் தோல்வி. ஐஎஸ்ஓ 105 வரிசையில் சலவை, உரசல், வெளிச்சம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகள் உள்ளன. உரசலுக்கு 1 முதல் 5 வரை தரம், 5 சிறந்தது. உலர் உரசலுக்கு 4, ஈர உரசலுக்கு 3 என்பது கொள்வனவாளர்கள் வழக்கமாகக் கேட்கும் எல்லை. அடர்சிவப்புப் பிக்மென்ட் அச்சு ஈர உரசலில் விழுவது சர்வசாதாரணம்.

வேதிப்பொருள் கட்டுப்பாடும் இதே பட்டியலில் சேர வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பட்டியலிட்ட நறுமண அமீன்களை (புற்றுநோய் ஆபத்துள்ள வேதிப்பொருள்கள்) கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வெளியிடக்கூடிய அசோ சாயங்கள் துணிக்குத் தடை. பத்திக் பட்டறைகளில் நாப்தோல் வகைச் சாயங்கள் நெடுங்காலம் புழங்கியவை. அவற்றில் சில இந்தத் தடையில் சிக்கும். உள்ளூரில் விற்ற துணியை அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் சாயத்தின் பெயரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

## பத்திக் எங்கே பொருந்துகிறது?

பத்திக்கை அச்சின் பழைய வடிவம் என்று ஒதுக்குவது சரியில்லை. அது தடுப்பு முறை. மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. பரஃபின் மெழுகு உடைந்து வெடிப்புக் கோடுகளைத் தரும், தேன்மெழுகு வளைந்து கொடுத்து விளிம்பைத் துல்லியமாக்கும். இரண்டின் விகிதத்தை மாற்றினால் துணியின் குணமே மாறும். பத்திக் கலைஞர் ஏனா டி சில்வா அலுவிகாரைப் பட்டறையில் இதைக் கட்டிடக்கலையின் அளவுக்குப் பெருக்கிக் காட்டினார். கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பென்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையில் விரிந்தவை அவருடைய பத்திக் துணிகள். வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு ஏறும் பத்திக்கின் ஒழுங்கு, நிறப்பிரிப்பைப் புரிந்துகொள்ள மிக நல்ல பயிற்சி. அந்த வகையில், ஒரு தவணை பத்திக் செய்தவருக்கு ஸ்கிரீன் எளிதில் பிடிபடும்.

## கொழும்பில் படிப்பும் வேலையும்

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஆடை வடிவமைப்பு, உற்பத்தி மேம்பாட்டுப் பட்டப்படிப்புக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பாடத் தகைமைகளை அந்தந்த வருடப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பார்க்கவும், பழைய மாணவர் சொல்வதை நம்ப வேண்டாம். இரத்மலானையில் இலங்கை நெசவு மற்றும் ஆடை நிறுவகம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தின் நெசவு, ஆடைத் தொழினுட்பத் துறை ஆகியவை தொழினுட்பப் பக்கம் சாய்ந்தவை. தனியார் வடிவமைப்புக் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களோடு இணைந்து நடக்கின்றன. கட்டணம் கனதி. தேசிய தொழிற்தகைமை மட்டம் 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம் என்று ஏறும் பாதையும் இருக்கிறது.

பெயரை விடக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மாணவர் கையால் பயன்படுத்தும் அச்சு மேசை இருக்கிறதா, எத்தனை மீற்றர்? நீராவிப் பெட்டி உண்டா? ஸ்கிரீன் ஒளிக்காட்டும் அறை உண்டா? இவை இல்லாத இடத்தில் கற்பிக்கப்படுவது கணினிப் படமே. அதைக் குறைந்த செலவில் வேறு வழியிலும் கற்றுக்கொள்ளலாம்.

வேலையைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வரும் அச்சுப் படங்களில் பெரும்பகுதி கொள்வனவாளரின் வெளிநாட்டு வடிவமைப்புப் பிரிவிலிருந்தே வருகிறது. இங்கே சேரும் புதியவர் முதல் வருடங்களில் ரிப்பீட்டைச் சரிசெய்வார், நிறம் பிரிப்பார், ஒரே படத்துக்கு மூன்று நான்கு நிறச் சேர்க்கை போடுவார், ஸ்ட்ரைக் ஓஃப்பைத் துரத்துவார். சொந்தப் படம் விற்பதென்றால் உள்ளூர்ச் சேலை, கடற்கரை உடை நிறுவனங்கள் ஒரு வழி. பாரிஸின் பிரீமியர் விஷன் போன்ற சந்தைகளில் படம் விற்கும் ஸ்டூடியோக்கள் இன்னொரு வழி.

இதனால், தொகுப்பேட்டில் முப்பது தனிப் பூக்களை அடுக்குவதில் பயனில்லை. ஒரு பருவத்துக்கு ஒரே நிறத்தட்டில் ஒரு பெரிய முதன்மை அச்சு, அதோடு போகும் நடுத்தர அச்சு, ஒரு சிறு பூ, ஒரு கோடு அல்லது கட்டம் என்று நான்கைந்து சேர்ந்த குடும்பத்தைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ரிப்பீட் அளவு, நிற எண்ணிக்கை, நார், அச்சு முறை எழுதியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வடிவங்களாவது உண்மையான துணியில் அச்சிட்டவையாக இருக்கட்டும். நேர்முகத்தில் இருப்பவர் முதலில் துணியைத் தொட்டு, பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்.

## செயற்கை நுண்ணறிவும் உரிமையும்

இனி அந்தச் செயலியின் படத்துக்கு வரலாம். 1024 பிக்சல் சதுரப் படத்தை 150 டிபிஐ இல் அச்சிட்டால் கிடைப்பது 17.3 செ.மீ. மட்டுமே. 64 செ.மீ. க்கு அதே தரத்தில் 3780 பிக்சல் வேண்டும். பெரிதாக்கும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் இதழ் விளிம்புகளில் அவை கற்பனையாகச் சேர்ப்பதை ஒருவர் உட்கார்ந்து துடைக்க வேண்டும். ஓரங்கள் சேர்ந்தாலும் நிறங்கள் பிரிந்து வருவதில்லை. டிஜிட்டல் அச்சுக்கு இந்தக் குறைகளோடு ஓரளவு சமாளிக்கலாம், எட்டு நிறச் சுழல் அச்சுக்குப் படத்தை ஏறக்குறைய மீண்டும் வரைய வேண்டும். யோசனைப் பலகைக்கு இந்தக் கருவி வேகமானது, அதை மறுப்பதில் பொருளில்லை. வெறும் பூப்படம் மட்டும் விற்றவர்களின் வருமானத்தை அது உண்மையாகவே தின்னும். நார், ரிப்பீட், நிறப்பிரிப்பு தெரிந்தவரின் வேலையில் அது இன்னும் கைவைக்கவில்லை.

உரிமைப் பக்கத்தில், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் துணிவடிவம் போன்ற பிரயோகக் கலைப் படைப்புக்கு, ஆக்கிய நாளிலிருந்து 25 வருடம் பதிப்புரிமை தருகிறது. கைத்தொழில் வடிவமாகப் பதிவுசெய்வது வேறு வழி. ஐந்து வருடம், இருமுறை புதுப்பித்தால் மொத்தம் பதினைந்து. அதற்கான விண்ணப்பம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகிறது. ஊழியராக இருக்கும்போது வேலையின் பகுதியாக வரைந்ததன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுப்பவருக்கே. ஆகவே பயிற்சிக் காலத்துக்குக் கையெழுத்திடும் முன், தொகுப்பேட்டில் எவற்றைக் காட்டலாம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அடுக்குகள் ஒன்றாக்கப்படாத மூலக் கோப்பு, திகதியிட்ட பென்சில் வரைவு, ஸ்ட்ரைக் ஓஃப் துண்டு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வடிவத்துக்கும் சேர்த்து வைத்திருப்பவருக்கு, படம் திருடப்பட்டால் காட்டுவதற்குச் சான்று கையில் இருக்கும்.